உள்ளங்காலில் கருப்பு: காசிமேட்டில் 'சர்க்கரைப் புண்' என்று பெயர் வாங்கிய ஒரு மெலனோமா

பின்னணி

நோயாளி 57 வயதுப் பெண். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் மகளோடு வசிக்கிறார். விடியற்காலை 2 மணிக்கு ஏலத்தில் மீன் எடுத்து, அங்கேயே ஆய்ந்து, 9 மணி வரை விற்பார். மிச்சத்தைக் கூடையில் வைத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்று முடிப்பார். வேலை நேரம் முழுவதும் கால்கள் ஐஸ் கரைந்த தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறும். காலில் ரப்பர் செருப்பு. சர்க்கரை நோய் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். புகை இல்லை, குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இருந்ததில்லை.

அந்தப் பகுதியில் தோல் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வு என்று முன்பு நடந்ததெல்லாம் ஒரு துண்டுப் பிரசுரம்தான். வெயிலில் போகாதீர்கள், சன்ஸ்கிரீன் பூசுங்கள், முகத்தில் மச்சம் மாறினால் வாருங்கள் என்று அதில் இருந்தது. வெயிலில் நின்று பிழைப்பவர்களிடம் கொடுத்த தாள் அது. வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு எழுதியதை அப்படியே தமிழாக்கியிருந்தார்கள். மெலனோமா என்பது தோலின் நிறமி அணுக்களில் தொடங்கும் புற்று. கறுத்த, மாநிறத் தோலில் அது அரிது. வந்தால் அதில் பெரும்பங்கு வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிறது. 'ஏக்ரல்' மெலனோமா என்று சொல்வது இதைத்தான். சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. வராமல் தடுக்க நிச்சயமான வழி எதுவும் கிடையாது. சீக்கிரம் பார்ப்பது ஒன்றுதான் கையில் இருக்கிறது. இந்த நோயாளியின் காலைப் பலர் பார்த்தார்கள். ஆனாலும் 19 மாதங்கள் போயின.

முதல் 14 மாதங்கள்

ஒரு பிப்ரவரி மாதம். இடது குதிகாலின் உள்விளிம்பில் மை சிந்தியதுபோல ஒரு கருப்பு இருப்பதை மகள் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தின் அளவு. வலி இல்லை. சில வாரங்களுக்கு முன் அதே காலில் கெளுத்தி முள் குத்தியிருந்தது. "முள்ளு குத்துன எடத்துல ரத்தம் கட்டிக்கினு கீது" என்று தாய் சொல்ல, பேச்சு அதோடு முடிந்தது.

ரத்தக்கட்டு என்ற ஊகம் தவறானதல்ல. தொழிலைப் பார்த்தால் அதுதான் முதலில் தோன்றும். ஆனால் ரத்தக்கட்டுக்கு ஆயுள் குறைவு. தோலின் மேலடுக்கில் தேங்கிய ரத்தம் அந்த அடுக்கு வளர வளர மேலே தள்ளப்பட்டுச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். மூன்று மாதம் கழித்தும் அதே இடத்தில், கொஞ்சம் பெரிதாகவும் இருக்கிற கருப்பு ரத்தமாக இருக்க வழியில்லை. இந்த ஒரு கணக்கு யாருக்காவது தெரிந்திருந்தால் மே மாதத்திலேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

அந்த மழைக்காலத்தில் குதிகால் வெடித்தது. பித்தவெடிப்புக்கு வழக்கம்போல் மருதாணி அரைத்துக் கட்டினார்கள். மருதாணிச் சிவப்பு கருப்போடு கலந்துபோனது. இந்த நோயாளியின் காலில் நிறத்தை மறைத்த முதல் பூச்சு அது.

9ஆவது மாதம், அக்டோபரில், அந்த இடம் தடித்துச் சொரசொரப்பானது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினார்கள். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் 40 விழுக்காடு வரை இருக்கும். நான்கு ஒட்டுகளுக்குப் பிறகு மேல்தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது. கருப்பு உரியவில்லை. பதிலாக நடுவில் ஒரு புண் திறந்துகொண்டது. இங்கே இரண்டு தவறுகள் சேர்ந்துவிட்டன. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் அமில ஒட்டுகளைப் போடவே கூடாது. அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை. இன்னொன்று, தோல் உரிந்த பிறகும் கருப்பு நிற்கிறதென்றால் அது மேலடுக்கில் இல்லை, அடியிலிருந்து வருகிறது. கார்ன் கேப் தன்னையறியாமல் ஒரு சோதனையைச் செய்து காட்டியிருந்தது. அதன் விடையை யாரும் படிக்கவில்லை.

பெயர் வைத்த நாள்

15ஆவது மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏலம் படுத்துவிடும். உடம்பைப் பார்க்க நேரம் கிடைப்பது அப்போதுதான். ஒரு கிளினிக்குக்குப் போனார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 280. குதிகாலில் ஆறாத புண். நோட்டில் 'சர்க்கரைப் புண்' என்று எழுதப்பட்டது.

எழுதியவர் மேல் மட்டும் பழி போட முடியாது. அந்தப் பகுதியில் குதிகால் புண்ணோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுதான் சரியான விடை. பெயர் எழுதியபின் கேள்வி நின்றுபோனதுதான் கோளாறு. அடுத்த நான்கு மாதங்களில் நோட்டில் மாறியதெல்லாம் ஆன்டிபயாடிக்கின் பெயரும் சர்க்கரை அளவும்தான். புண்ணின் நீள அகலம் ஒருமுறைகூடப் பதிவாகவில்லை. சரியாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, பாரம் படாமல் பார்த்துக்கொண்ட புண் 4 வாரத்தில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் பெயரை மறுபடி யோசிக்க வேண்டும். அளக்காத புண் சுருங்கியதா என்று யாருக்குத் தெரியும்?

தினமும் பெட்டாடின் வைத்துக் கட்டு மாற்றப்பட்டது. சுற்றியிருந்த தோல் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழுப்பேறியது. நிறத்தை மறைத்த இரண்டாவது பூச்சு இது. பழைய பழுப்பின் மேலேயே புதுப் பழுப்பைத் தடவிக் கட்டினால் அடியில் கருப்பு இருப்பது கட்டுப் போடுகிறவருக்கே தெரியாது.

17ஆவது மாதம் புண்ணின் நடுவிலிருந்து கொஞ்சம் சதை சுரண்டிச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. 'அழற்சியுள்ள ஆறும் சதை. புற்று அணுக்கள் இல்லை' என்று அறிக்கை வந்தது. அறிக்கை பொய்யல்ல. கொடுத்த துண்டில் இருந்ததைச் சொன்னது. புண்ணின் நடுப்பகுதியில் அழுகலும் புதுச்சதையும்தான் இருக்கும். புற்று விளிம்பிலும் அதற்கு வெளியேயுள்ள கருப்பிலும் இருந்தது. ஆனால் 'புற்று இல்லை' என்ற இரண்டு சொல் மேலும் இரண்டு மாதத்தை விழுங்கியது.

வாசற்படியில்

19ஆவது மாதம், ஆகஸ்ட். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர் அன்று வந்திருந்தார். அவருக்கு அதற்கு முந்தைய மாதம் பாதப் பரிசோதனையில் அரைநாள் பயிற்சி நடந்திருந்தது. அதில் ஒரே ஒரு வரி கூடுதல்: கட்டு இருந்தால் பிரித்து, கழுவி, பிறகு பார்.

"வலியே இல்ல கண்ணு, அப்புறம் இன்னாத்துக்குப் பிரிக்கிற?"

"வலி இல்லாததாலதாம்மா பாக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஒரு நிமிஷம், காலை இப்படி வெளிச்சத்துக்குக் காட்டுங்க."

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மூன்று முறை துடைத்தார். பெட்டாடின் பழுப்பு பஞ்சோடு வந்துவிட்டது. புண்ணைச் சுற்றி ஒழுங்கற்ற கரையோடு ஒரு கருப்பு வராமல் நின்றது. ஒரு பக்கம் அடர்கருப்பு, ஒரு பக்கம் சாம்பல், குதிகால் வளைவை நோக்கிப் புகைபோல மங்கி முடிந்தது.

பாத மருத்துவர்கள் 2010 முதல் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் அவர் அட்டையில் இருந்தன. தோலின் நிறத்தில் இல்லாத பகுதி உண்டா? இன்னதென்று நிச்சயமாகத் தெரியாததா? ரத்தமோ நீரோ கசிகிறதா? மருந்து போட்டும் பெரிதாகிறதா? இரண்டு மாதம் தாண்டியும் ஆறவில்லையா? இரண்டுக்கு 'ஆம்' வந்தாலே அனுப்பிவிட வேண்டும். இவருக்கு ஐந்தும் 'ஆம்'.

தன்னார்வலர் காலைப் படம் எடுத்த முறை சரியாக இருந்தது, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபிளாஷ் இல்லை, வாசல் வெளிச்சம். பாதம் முழுவதும் தெரிய ஒன்று, ஒரு சாண் தூரத்திலிருந்து ஒன்று. பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல். நோயாளியிடம் கேட்டபின் மருத்துவ அலுவலருக்கு மட்டும் அனுப்பினார், வாட்ஸ்ஆப் குழுவில் போடவில்லை. மூன்றாம் நாள் நோயாளி அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில் இருந்தார்.

தோல் பிரிவில் பார்த்தது

கருப்பு 31 × 22 மி.மீ., அதற்குள் புண் 9 மி.மீ. விளிம்பில் ஒரு இடத்தில் மிளகு அளவு மேடு. 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழையால் தொட்டுப் பார்த்தபோது பாதத்தின் பத்து இடங்களில் நான்கில் உணர்ச்சி இல்லை. வலி தெரியாததற்கு இது பாதிக் காரணம். மீதி, மெலனோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

உள்ளங்கால் தோல் உழுத வயல்போல வரப்பும் பள்ளமுமாக இருக்கும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் படியும். மெலனோமாவின் நிறம் வரப்புகளில் ஏறும். டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் இந்தக் கோடுகள் தெரியும். எது வரப்பு என்று குழப்பம் வந்தால் ஒரு எளிய வழி உண்டு: ஸ்கெட்ச் பேனா மையைத் தடவித் துடைத்தால் மை பள்ளத்தில் மட்டும் தங்கும். இங்கே மை ஒரு கோடாகவும் கருப்பு அதற்கு அடுத்த கோடாகவும் நின்றன. வரப்பில் வெண்புள்ளியாகத் தெரியும் வியர்வைத் துளைகள் கருப்புக் கோட்டின் நடுவே வரிசையாக இருந்தன. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

ஆனாலும் மற்றவை ஒதுக்கப்பட்டன. பாதத்தில் கருப்பாகப் படரும் மேற்பூஞ்சை உண்டு; சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பார்த்ததில் இல்லை. கருமணிகள் கசியும் 'மதுரைக் கால்' பூஞ்சையில் வீக்கமும் பல துவாரங்களும் இருக்கும்; அவை இல்லை. முழங்காலின் பின்பக்கமும் தொடை இடுக்கும் தடவிப் பார்க்கப்பட்டன. கையில் தட்டும்படி நெறிக்கட்டி இல்லை.

எங்கே வெட்டுவது

சிறிய கருப்பாக இருந்தால் 2 மி.மீ. ஓரத்தோடு முழுவதையும் எடுத்துவிடுவதே முறை. 31 மி.மீ. அளவை, அதுவும் குதிகாலில், நோய் உறுதியாகாமல் எடுத்தால் ஆறாத பள்ளம்தான் மிஞ்சும். எனவே பகுதித் திசு: மேடாக இருந்த இடத்தில் 6 மி.மீ. பஞ்ச் (வட்டக் கத்தியால் குடைந்து எடுக்கும் துண்டு), அடர்கருப்பில் 4 மி.மீ. பஞ்ச், இரண்டும் கொழுப்புவரை ஆழமாக. மேலாகச் சீவி எடுப்பது கூடாது. மெலனோமாவில் எல்லா முடிவுகளும் ஆழத்தை வைத்தே எடுக்கப்படுகின்றன. சீவினால் ஆழம் போய்விடும்.

குடும்பம் ஒன்பது நாள் வரவில்லை. 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். இந்தப் பயம் வடசென்னைக்கு மட்டும் உரியதல்ல. படித்த வீடுகளிலும் கேட்கலாம். தன்னார்வலர் இரண்டு முறை வீட்டுக்குப் போனார். பகுதித் திசு எடுத்தவர்களின் நோய்ப் போக்கு அதனால் மோசமானதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதைவிட, மகள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில்தான் வேலை செய்தது. "வெட்டலைன்னா பரவாதா?" என்று அவர் கேட்டார். இப்போதே பரவிக்கொண்டிருக்கலாம், எவ்வளவு என்று தெரியத்தான் வெட்டுகிறோம் என்று மருத்துவர் சொன்னார்.

துண்டுகள் தனித்தனிப் புட்டியில், துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு 10 விழுக்காடு ஃபார்மலினில் போயின. விண்ணப்பத்தில் 'மெலனோமா சந்தேகம், இடது குதிகால், 19 மாதம்' என்று எழுதி, வெட்டிய இடம் குறித்த படமும் இணைக்கப்பட்டது. முந்தைய விண்ணப்பத்தில் 'சர்க்கரைப் புண்' என்று மட்டும் இருந்தது.

அறிக்கையும் முடிவுகளும்

12ஆம் நாள் அறிக்கை: ஏக்ரல் மெலனோமா, ப்ரெஸ்லோ ஆழம் 2.6 மி.மீ., மேற்பரப்பில் புண் உண்டு. ப்ரெஸ்லோ ஆழம் என்பது மேல்தோலின் மணியடுக்கிலிருந்து, புண் இருந்தால் புண்ணின் அடியிலிருந்து, புற்று இறங்கிய மிக ஆழமான இடம்வரை உள்ள தூரம். 2 முதல் 4 மி.மீ.க்குள், புண்ணோடு என்றால் வகை டி3பி. மார்பு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேனில் பரவல் தெரியவில்லை.

முதல் கேள்வி, காலை எடுக்க வேண்டுமா? குடும்பமே கேட்டது, எடுத்தால் நிம்மதி என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. வேண்டாம் என முடிவானது. 2 மி.மீ.க்கு மேற்பட்ட ஆழத்துக்குச் சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலோடு எடுப்பது போதும். முழங்காலுக்குக் கீழே வெட்டினால் ஆயுள் கூடுவதில்லை, பிழைப்பு மட்டும் போகும்.

இரண்டாவது, காவல் நிணநீர் முடிச்சு. புற்றிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை நீலச் சாயமும் கதிரியக்கத் திரவமும் செலுத்திக் கண்டுபிடித்து எடுப்பார்கள். இது அகல வெட்டுக்கு முன்போ அதே வேளையிலோ நடக்க வேண்டும். வெட்டிய பிறகு நிணநீர்ப் பாதை மாறிவிடும், காட்டும் முடிச்சு சரியானதா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, சர்க்கரை. கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.8 இருந்தது. அது இறங்கும்வரை காத்திருந்தால் மூன்று மாதம் போய்விடும். காத்திருக்கவில்லை. இன்சுலின் போட்டு, அறுவைக்கு முன்னும் பின்னும் ரத்தச் சர்க்கரை 180க்குக் கீழே வைக்கப்பட்டது.

நான்காவது, பள்ளத்தை எதை வைத்து மூடுவது? எடுத்த பகுதி 71 × 62 மி.மீ. தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினால் குதிகாலின் பாரத்தைத் தாங்காது; உணர்ச்சி குறைந்த காலில் மறுபடி புண் வரும். பாரம் படாத பாத வளைவின் தோலை, அதன் ரத்தக் குழாயோடும் நரம்போடும் திருப்பிக் குதிகாலில் வைத்து, வளைவில் தொடைத்தோல் ஒட்டுவது சரியாக இருக்கும். இது பின்கால் தமனியின் கிளையை நம்பியது என்பதால் டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டம் பார்க்கப்பட்டது, நன்றாக இருந்தது. ஒரே நாளில் மூடவில்லை. உறைந்த திசுவில் உடனடியாக மெலனோமா விளிம்பைப் படிப்பது நம்பத்தக்கதல்ல. வெற்றிடக் கட்டு போட்டுவிட்டு, 11ஆம் நாள் விளிம்புகள் சுத்தம் என்று அறிக்கை வந்தபின் மூடப்பட்டது.

முழுத் துண்டில் ஆழம் 3.1 மி.மீ. பஞ்ச் சொன்னதைவிட அதிகம், வகை மாறவில்லை. எடுத்த இரண்டு முடிச்சுகளில் ஒன்றில் 0.4 மி.மீ. படிவு இருந்தது. நோய் மூன்றாம் கட்டம்.

பின்னர் நடந்தது

ஒரு முடிச்சில் நுண்படிவு இருந்தால் இடுப்புமடிப்பு முடிச்சுகள் அத்தனையையும் உடனே எடுப்பது பழைய வழக்கம். அப்படி எடுப்பதால் மெலனோமாவால் இறப்பது குறையவில்லை என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எனவே 4 மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்டு என்று முடிவு. மீண்டும் வராமல் தடுக்கும் ஓராண்டு நோயெதிர்ப்பு ஊசி பற்றிப் பேசப்பட்டது. விலை குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, கிடைக்கவில்லை. பிராஃப் மரபணு மாற்றம் இல்லாததால் அதற்குரிய மாத்திரைகளும் பொருந்தவில்லை.

அறுவைக்குப் பிந்தைய 16ஆவது மாத அல்ட்ராசவுண்டில் தொடை இடுக்கில் 11 மி.மீ. முடிச்சு. கையால் தடவி அதைக் கண்டிருக்க முடியாது. ஊசித் திசுவில் மெலனோமா. அப்போது முடிச்சுகள் முழுவதும் எடுக்கப்பட்டன. காயத்தின் ஓரம் கறுத்து மூன்று வாரம் கட்டு நீண்டது. கால் வீங்கத் தொடங்கியது. அழுத்தக் காலுறை கொடுத்தார்கள். சென்னை வெக்கையில் அதை மாட்டிக்கொண்டு ஈரத்தில் நிற்பது நடக்கிற காரியமல்ல. அவர் ஏலத்துக்குப் போவதை விட்டார். மகள் எடுத்து வரும் மீனை வீட்டு வாசலில் உட்கார்ந்து, காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு விற்கிறார். முதல் அறுவையிலிருந்து 26ஆவது மாதம் எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை. குணமானது என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

கட்டுப் போடும் அறையில் இப்போது முதல் வேலை கழுவுவது. மருதாணிக் கறை கழுவினால் போகாது. அந்த நோயாளிகளை மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் இரண்டு வாரத்துக்கொரு முறை நீளம், அகலம், சுற்றியுள்ள நிறம் என மூன்று கட்டங்கள் நோட்டில் சேர்ந்துள்ளன. இரண்டு மாதம் ஆறாத புண்ணின் விளிம்பிலிருந்து, நல்ல தோலும் சேர, குறைந்தது இரண்டு இடத்தில் திசு எடுக்க வேண்டும். நடுவில் எடுத்த துண்டில் 'புற்று இல்லை' என்று வந்தால் அதை விடையாகக் கொள்ளக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் இன்னும் எல்லா இடத்திலும் ஏற்கச் செய்ய முடியவில்லை.

அக்கம்பக்க மருந்துக் கடைகளிடம் சொன்னது ஒரே வரி: ஆணி கருப்பாக இருந்தால், அல்லது ஆளுக்குச் சர்க்கரை இருந்தால், கார்ன் கேப் விற்காதீர்கள். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

துண்டுப் பிரசுரம் மாறியது. புதிய தாளில் முகத்துக்குப் பதில் ஒரு பாதம், ஒரு கை, ஒரு நகம், ஒரு தீத்தழும்பு. நகத்தில் கருங்கோடு நம் தோலில் சாதாரணம், பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரே விரலில் இருந்து, அகலமாகி, நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்ந்தால் காட்ட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முந்தைய தீக்காயத் தழும்பில் திடீரென்று ஆறாத புண் வந்தால் அதுவும் காட்ட வேண்டியது. மண்ணெண்ணெய் அடுப்புத் தழும்புகள் இந்தத் தெருக்களில் நிறைய உண்டு, அவற்றில் வருவது வேறு வகைத் தோல் புற்று. வெயில் பற்றிய பகுதி நீக்கப்படவில்லை, முகவரி மாற்றப்பட்டது. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும், சிறுநீரக மாற்று செய்துகொண்டு எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் உண்மையிலேயே தேவை.

உள்ளங்காலில் உள்ள கருப்புகளில் பெரும்பாலானவை மச்சமோ ரத்தக்கட்டோதான் என்பதும் தாளில் இருக்கிறது. அது இல்லாமல் முதலில் அச்சடித்தபோது, வெளிநோயாளிப் பிரிவில் பிறவி மச்சங்களின் வரிசை நின்றது.

பாதம் பார்க்கும் நாள் தடைக்காலத்தின் முதல் வாரத்தில் வைக்கப்படுகிறது. இடம் துறைமுக ஏலக்கூடத்தின் வெளியே. ஒரு முக்காலி, ஒரு வாளி உப்புத் தண்ணீர், பஞ்சு, ஸ்கேல், ஸ்கெட்ச் பேனா, ஒரு டெர்மோஸ்கோப். சென்ற முறை முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றத் தயங்கியவர்களிடம் தன் குதிகாலைக் காட்டிக்கொண்டிருந்தவர் இந்த நோயாளிதான்.